லீதியாள் எடுத்து வைத்த பிடியரிசி

"அக்கா, எவ்வளவு சேத்து வச்சா அது புத்தி? எதுக்கு மேல போனா அது அவிசுவாசம்?"

வந்ததும் வராததுமாக மாசிலாமணி இதைத்தான் கேட்டார். ஸ்தோத்திரம் சொல்லவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, மற்றது கீரைப்பாத்தியில் கிடந்தது.

ஆசிரமத்து எப்சிபா அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணே," என்றார்.

அந்தக் கிறிஸ்தவ ஆசிரமத்தில் ஆண்கள் எல்லாரும் அண்ணன், பெண்கள் எல்லாரும் அக்கா. மாசிலாமணிக்கு அறுபது நெருங்குகிறது. எப்சிபா அக்காவுக்கு நாற்பது இருந்தால் அதிகம். இவர் அவரை அக்கா என்பார், அவர் இவரை அண்ணே என்பார். இதில் யார் மூத்தவர் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

மாசிலாமணி உட்கார்ந்தார். ஒரு கொத்துக் கீரையை எடுத்து அவரும் உருவ ஆரம்பித்தார். கை சும்மா இருந்து பழக்கமில்லாத மளிகைக்கடைக்காரர்.

"ஊர்ல மில்லை மூடிட்டாங்க, தெரியும்லா?"

"தெரியும்."

"மில் சங்கு ஊதாம ஊரே மணி தெரியாமக் கிடக்கு. கடைக்கு ஆள் வருது, கையில காசு வரல. பட்டணத்துல இருந்து பெரிய கடை ஒண்ணு வரப்போகுதுங்காங்க. அரிசி மூட்டை விலை வாரத்துக்கு வாரம் ஏறுது. நாளைக்கு என்ன ஆகும்னு ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கடையில கிடந்த முதலை எடுத்து ரெண்டு பேங்க்ல போட்டேன். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு நிக்கும்லா. ரெண்டும் விழுந்துட்டா என்ன செய்யதுன்னு போஸ்ட் ஆபீஸ்ல கொஞ்சம். அதுலயும் நம்பிக்கை இல்லாம கொஞ்சம் பவுனா வாங்கி வச்சேன்."

"பவுன் போயிட்டா?"

"அதைத்தான் இப்ப யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

"வேதத்தை எடுத்துப் பாத்தேன்," என்றார் மாசிலாமணி. "எகிப்துல ஒருத்தர் ஏழு வருஷம் தானியத்தைச் சேத்தார். அவரைப் புத்திமான்னு சொல்லியிருக்கு. இன்னொருத்தன் இடம் பத்தலன்னு களஞ்சியத்தை இடிச்சுப் பெருசாக் கட்டினான். அவனை மதிகெட்டவன்னு சொல்லியிருக்கு. அன்னைக்கு ராத்திரியே உயிரும் போச்சு. ரெண்டு பேரும் செஞ்சது ஒரே வேலை. நான் இதுல யாரு, அக்கா?"

எப்சிபா அக்கா காம்பை ஒருபுறம், இலையை ஒருபுறம் ஒதுக்கினார்.

"எகிப்துல சேத்தவர் எப்பத் திறந்தார்?"

"பஞ்சம் வந்தப்ப."

"இப்ப என்ன காலம்?"

மாசிலாமணியின் கை கீரையில் அப்படியே நின்றது.

அக்கா எழுந்து கீரையைக் கழுவப் போய்விட்டார்.

*

பஸ்ஸில் திரும்பும்போது மாசிலாமணிக்கு உள்ளங்கை நெல்லிக்கனி போல எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று பக்கத்து இருக்கைக்காரருக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அந்த மனுஷர் சந்தேகத்தோடு வாங்கித் தின்றார்.

மறுநாள் கடையைத் திறந்தார்.

முதல் ஆளாக சாராள் வந்து நின்றாள். மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவள். மூடினதிலிருந்து வீட்டில் இருக்கிறாள். அவரோடு ஒரே சபை.

"அண்ணாச்சி, ரெண்டு கிலோ அரிசி தருவியளா? அடுத்த வாரம் தந்துருதேன்."

"அதுக்கென்னம்மா, எடுத்துக்கோ" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தார்.

"அரிசி இல்லம்மா," என்றது வாய்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழு மூட்டை சாய்ந்து நின்றது. சாராள் அதைப் பார்த்தாள். அவர் அதை மறைத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள்.

"சரி அண்ணாச்சி," என்று போய்விட்டாள்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை போலிருந்தது.

*

"புரிஞ்சுது அக்கா. ஆனா கை வரல."

இரண்டாம் முறை வந்தபோது செருப்பு இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தன. ஆள் ஒடுங்கியிருந்தார்.

எப்சிபா அக்கா அடுப்படியில் இருந்தார். மில் மூடியதிலிருந்து ஆசிரமத்து வாசலில் மத்தியானக் கஞ்சி ஊற்றுகிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். பேர் கேட்பதில்லை, சபை கேட்பதில்லை, சாமி கேட்பதில்லை.

"அந்த விறகை எடுத்துத் தாங்க," என்றார் அக்கா.

மாசிலாமணி விறகை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வழக்கம்போல் கணக்கில் இறங்கினார்.

"இன்னைக்கு எத்தனை பேருக்கு உலை?"

"தெரியாது."

"தெரியாம எப்படி அரிசி போடுவீங்க?"

"நேத்து எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரியும்."

"அது நேத்து. இன்னைக்கு கூட வந்துட்டா?"

"வருவாங்க."

"குறைய வந்தா?"

"நீத்தண்ணி ஊத்தி வைப்போம். காலையில பழையது."

"அப்ப எதை வச்சுத்தான் அளக்குறது?"

"உலை கொதிக்குதுல்லா அண்ணே. ஏதாவது போட்டாகணும்."

அவருக்கு எரிச்சலாக வந்தது. முப்பது வருஷம் தராசு பிடித்தவர். இப்படி ஒரு சமையல் நடத்தினால் கடை ஒரே மாதத்தில் திவால் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அக்கா அரிசிப் பாத்திரத்தில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். சுவரோரம் இருந்த மண்கலயத்தில் அதைப் போட்டார்.

சலசலவென்று விழுந்தது.

மாசிலாமணியின் கையிலிருந்த விறகு நழுவிக் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. அக்கா மீதி அரிசியைக் களைந்து உலையில் போட்டு, அகப்பையால் கிண்டி, பாதி மூடி வைக்கிற வரைக்கும் அவர் அந்தக் கலயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டுலயும் பிடியரிசி எடுப்பாங்களோ?" என்று கேட்டார் அக்கா.

"எடுப்பா," என்றார். விழுந்த விறகை எடுத்துக்கொண்டே, "லீதியாள் எடுப்பா," என்றார்.

லீதியாள் அவர் மனைவி. போன குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடியைப் பிடித்தபடியே சரிந்து போய்விட்டாள்.

"அங்க எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் உண்டு," என்றார். கேட்காமலே பேச்சு வந்தது. "ஒவ்வொரு வேளையும் உலையில போடுததுக்கு முன்னால ஒரு பிடி ஆண்டவருக்கு. ஞாயித்துக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோய்த் தட்டிட்டு வெறும் பானையோட வருவாங்க. திங்கக்கிழமை மறுபடியும் முதல் பிடி."

"ம்."

"நான் படுக்கையில கிடப்பேன். எனக்கு அந்தச் சத்தத்துலதான் முழிப்பு வரும். திங்கக்கிழமை வெறும் பானையில விழும் பாருங்க, கலகலன்னு கேக்கும். நாள் போகப் போக அமுங்கிரும். சனிக்கிழமை கேக்கவே கேக்காது, அரிசி மேல அரிசி விழுந்தா என்ன சத்தம் வரும்? நான் கண்ணைத் திறக்காமலே இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லிருவேன். போட்டுட்டு 'ஸ்தோத்திரம்'னு ஒரு வார்த்தை சொல்லுவா. ஜெபமெல்லாம் பெருசா பண்ண மாட்டா. அந்த ஒரு வார்த்தைதான். அப்புறம் காப்பி வரும்."

அடுப்பில் விறகு படபடவென்று வெடித்தது.

"ஒரு வருஷம் கடை நொடிச்சுப் போச்சு. கூட்டாளி ஏமாத்திட்டான். வீட்டுல நாழி அரிசி இல்ல. அன்னைக்கும் எடுத்தா. எனக்குக் கோவம் வந்துட்டு. 'ஏட்டி, நம்ம வயித்துக்கே இல்ல, அவருக்கு என்ன குறைச்சல்?'னு கத்தினேன். திரும்பிப் பாத்தா. 'இது நம்ம அரிசி இல்லல்லா'ன்னா. அவ்வளவுதான். சண்டைகூடப் போடல."

"அப்ப உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?"

மாசிலாமணி யோசித்தார்.

"வந்துச்சே," என்றார் ஆச்சரியத்தோடு. "நாழி அரிசி இல்லாத வருஷம் நல்லாத் தூங்கினேன்."

"இப்ப?"

"இப்ப விடியுததுக்கு முன்னாலயே முழிச்சுக்கிடுதேன். அந்த நேரம் வந்ததும் காது தானா அடுக்களைப் பக்கம் போகுது. ஒண்ணும் கேக்காது. அக்கா, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? ஜெபம் பண்ணுதேன், வார்த்தை வருது, நான் வரமாட்டேங்கேன். பணம், பேங்க், பவுன்னு இவ்வளவு பேசுதேன். எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டாப் போதும். ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் பேங்க் விழட்டும், பெரிய கடை வரட்டும், எனக்கு என்ன?"

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக அடுப்பு பக்கத்திலேயே இருந்தது.

எப்சிபா அக்கா கஞ்சியைக் கிண்டினார்.

"அந்தப் பானை எங்க?"

"வீட்டுலதான்."

"வெறும் பானையா?"

மாசிலாமணி எழுந்தார். வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடந்தது. கடையில் ஐந்து பைசா மிட்டாயைக்கூட மறக்காத மனுஷர், குடையை ஆசிரமத்திலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார்.

*

வெறும் பானை இல்லை.

லீதியாள் வெள்ளிக்கிழமை போனாள். பானை அநேகமாக நிறைந்திருந்தது. சனிக்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லாப் பெண்களும் பிடியரிசியைக் கூடையில் தட்டினார்கள். துக்க வீட்டில் போய் அரிசி கேட்பார் யார்? ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கொடுத்துவிடலாம் என்று மாசிலாமணி பானையைத் தூக்கினார். வாசல்வரை போனார். உள்ளே பார்த்தார்.

அது அவள் கையால் எடுத்த அரிசி. திங்கள் எடுத்தது அடியில் இருக்கும், வெள்ளி எடுத்தது மேலே இருக்கும். மேலாக ஒரு குழி விழுந்திருந்தது, கடைசிப் பிடி விழுந்த இடம்.

திரும்பி வந்து பானையைச் சுவரோரம் வைத்தார். அவளுடைய பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து வாயைக் கட்டினார். அதோடு சரி.

அதன்பிறகு அவர் சோறு பொங்குவார், ஆனால் பிடி எடுப்பதில்லை. எடுத்தால் எங்கே போடுவது? அந்தப் பானையில் போட்டால் அவள் அரிசியோடு இவர் அரிசி கலந்துவிடும். வேறு பானை வாங்கினால் அவள் பானை பழைய பானையாகிவிடும்.

கோவிலில் காணிக்கைப் பை வரும்போது நூறு ரூபாய்த் தாளாகப் போடுவார். முன்பெல்லாம் இருபதுதான். சுற்றியிருந்தவர்கள் மனுஷர் மனைவி போனபின் பக்தியில் வளர்ந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். ஆண்டவருக்கென்று எடுத்து வைத்ததை வீட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி அவருக்கே கைக்கூலி கொடுக்கிறோம் என்று மாசிலாமணிக்கு மட்டும் தெரியும்.

கடை வியாபாரம் படுத்ததும் அதனால்தான் என்று ஒரு பயம். மில் மூடியதும் அதனால்தானோ என்றுகூட ஒருநாள் நினைத்தார். ஒரு பானை அரிசிக்காக ஆண்டவர் ஊர் மில்லை மூடுவாரா என்று புத்தி கேட்டது. பயத்துக்குப் புத்தி ஏது?

*

புதன்கிழமை காலையில் அவர் பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் பார்த்தார். துணியால் வாய் கட்டிய மண்பானை, அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒரு வெள்ளை வேட்டிக்காரர்.

"அஸ்தியா அண்ணாச்சி?" என்று தணிந்த குரலில் கேட்டார். "திருச்செந்தூர்ல கரைக்கவா?"

"நாங்க புதைக்கிறவங்க தம்பி," என்றார் மாசிலாமணி.

"அப்ப இது?"

அவர் வாயைத் திறந்தார். அரிசி என்ற சொல் வரவில்லை. அந்தப் பையன் கேட்டது ஒன்றும் தப்பில்லை என்று தோன்றியது. பானையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டர் அந்தப் பக்கமாக இரண்டு பேரை எழுப்பி அவருக்குத் தாராளமாக இடம் விட்டுக்கொடுத்தார்.

*

எப்சிபா அக்கா ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்து அவரிடம் நீட்டினார். பானையைப் பார்த்ததும் குடையை மறுபடியும் ஆணியில் மாட்டினார்.

"வெறும் பானை இல்ல, அக்கா."

"தெரியும்."

"இதை வீட்டுக்குள்ள பூட்டி வச்சுக்கிட்டுத்தான் எவ்வளவு புத்தி, எவ்வளவு அவிசுவாசம்னு உங்களைக் கேட்டேன்."

அக்கா பானையை வாங்கி, முடிச்சை அவிழ்த்தார்.

வண்டுகள் ஓடின. கறுப்புக் கறுப்பாக, பொலபொலவென்று பானை விளிம்பைத் தாண்டி அக்காவின் கைமேல் ஏறின. உள்ளே அரிசி மாவு பிடித்துப் பழுப்பேறிக் கிடந்தது. அந்தக் குழி எங்கேயென்று தெரியவில்லை.

மாசிலாமணி எட்டிப் பார்த்தார்.

"ஐயோ," என்றார்.

அவ்வளவு நாளாக அவர் துணியை அவிழ்க்கவே இல்லை. உள்ளே எல்லாம் அவள் விட்டுப்போனபடியே இருக்கிறது என்று நம்பியிருந்தார்.

"நான் பத்திரமா வச்சிருந்தேன் அக்கா," என்றார். "யாரையும் தொட விடல. நான்கூடத் தொடல."

எப்சிபா அக்கா சுளகை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"வெயில்ல போடுங்க."

"இனி இது எதுக்கு ஆகும்?"

"போடுங்க அண்ணே."

முற்றத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்து அரிசியைக் கொட்டினார். திங்களும் வெள்ளியும் ஒன்றாகக் கலந்து விழுந்தன. புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் வண்டுகள் அரிசியை விட்டுவிட்டு நாலாபக்கமும் நடையைக் கட்டின. ஒன்றையும் அவர் நசுக்கவில்லை. ஏனோ நசுக்க மனம் வரவில்லை.

பிறகு புடைத்தார். கடையில் மூட்டை மூட்டையாக அரிசி புழங்கியவருக்குச் சுளகு பிடிக்கத் தெரியவில்லை. பாதி மாவு அவர் மூக்கிலும் மீசையிலும் ஏறியது. லீதியாள் பார்த்திருந்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். அதை நினைத்ததும் கண் நிறைந்து சுளகே தெரியாமல் போனது. துடைக்கக் கை இல்லை, அப்படியே புடைத்தார்.

கடைசியில் சுத்தமான அரிசி தங்கியது. கொண்டுவந்ததில் முக்கால்வாசி இருக்கும்.

வாசலில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். நேற்றைவிட அதிகம். மாசிலாமணி தலையை நிமிர்த்திப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு தூக்குவாளியோடு சாராள் இருந்தாள், ஊரிலிருந்து நடந்தே வந்த புழுதி காலில்.

அவளும் அவரைப் பார்த்தாள். மீசையெல்லாம் மாவோடு சுளகும் கையுமாக நிற்கிற அண்ணாச்சியை.

"இன்னைக்கு நீங்களா சமையல்?" என்று கேட்டாள்.

அவருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"அன்னைக்குக் கடையில அரிசி இருந்துச்சும்மா," என்றார்.

"பாத்தேன் அண்ணாச்சி."

அவள் தூக்குவாளியை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து எப்சிபா அக்காவின் குரல் வந்தது.

"ஆள் கூட வந்துட்டு. உலையில போட்டது பத்தாது. அதைக் கொண்டாங்க."

மாசிலாமணி சுளகோடு போய் நின்றார். பக்கத்தடுப்பில் இன்னொரு உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"இது கோவில்ல தட்டவேண்டிய அரிசி, அக்கா."

அக்கா திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். அவரும் பார்த்தார். ஆட்கள் வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் அரிசியைக் களைவதற்காகச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தார்.

"பிடி எடுக்கலையா?" என்றார் அக்கா.

"இதுவே பிடியரிசிதானே. பிடியரிசியில போய்ப் பிடி எடுப்பாங்களா?"

"இந்த அடுப்புல போடுத அரிசி எதுவா இருந்தாலும் ஒரு பிடி உண்டு."

லீதியாளின் பானையை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். துடைத்திருந்தது. அடிவரைக்கும் ஒன்றுமில்லை. மாசிலாமணி அதற்குள் பார்த்தார். அவள் போனதிலிருந்து அந்தப் பானையின் அடியை அவர் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு எடுக்க?"

"ஒரு பிடி."

"அவ கை சின்னக் கை. எனக்கு அந்த அளவு வராது."

"அவங்க கை அளவை யார் கேட்டா?"

மாசிலாமணி அரிசியில் கையை விட்டார். வெயில் குடித்த அரிசி கதகதப்பாக இருந்தது, கையைப் பிடிக்கிற மாதிரி. மூடினார். தூக்கினார். அவளுடைய இரண்டு பிடி அதில் இருக்கும்.

பானைக்கு மேலே கை வந்து நின்றது.

உலை கொதித்தது. வாசலில் யாரோ இருமினார்கள். எப்சிபா அக்கா அவசரப்படுத்தவில்லை. அகப்பையைப் பிடித்தபடி, நாள் முழுக்க நிற்கக்கூடியவர் போல நின்றார்.

விரல்கள் இறுகி வெளுத்திருந்தன. நகக்கண்ணில் மாவு. இதை விட்டுவிட்டால் அவள் கை தொட்டது என்று சொல்லிக்கொள்ள வீட்டில் ஒன்றும் இருக்காது. மற்ற சேலைகளை அவள் தங்கச்சிகள் கொண்டுபோய்விட்டார்கள். தாலி பெட்டகத்தில் கிடக்கிறது, அது பவுன், அது யார் கையிலும் பவுன்தான். இது ஒன்றுதான் அவள்.

'இது நம்ம அரிசி இல்லல்லா.'

யாரும் சொல்லவில்லை. அவருக்கே ஞாபகம் வந்தது.

கை திறந்தது.

வெறும் பானையின் அடியில் அரிசி விழுந்தது, கலகலவென்று. அன்றைக்குப் புதன்கிழமை. ஆனால் அது திங்கட்கிழமைச் சத்தம். விடியற்காலை, பாதித் தூக்கம், அடுக்களை விளக்கு, இனிமேல் வரப்போகிற காப்பி, எல்லாம் சேர்ந்த அதே சத்தம்.

மாசிலாமணி அசையாமல் நின்றார். அடுத்து வரவேண்டிய ஒரு வார்த்தைக்காக அவர் காது அடுக்களைப் பக்கம் போனது. அவர் நின்றுகொண்டிருந்ததே அடுக்களையில்தான்.

யாரும் சொல்லவில்லை.

"ஸ்தோத்திரம்," என்றார் அவர்.

கரகரப்பான, மளிகைக்கடைக் குரல். மீதி அரிசியைக் களைந்து உலையில் போட்டார். போடும்போது அளக்கவில்லை.

கஞ்சி ஊற்றியதும் அவர்தான். சாராளின் தூக்குவாளியில் ஊற்றும்போது கஞ்சி விளிம்பில் தளும்பியது. அவள் இன்னொரு கையால் வாளியை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்கு நாளைக்கு வாம்மா," என்றார்.

"வாரேன் அண்ணாச்சி," என்றாள்.

எல்லாரும் போனபிறகு, சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து அவரும் அக்காவும் குடித்தார்கள். அரிசியில் லேசாக வண்டு வாடை இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பஸ்ஸுக்கு நேரமானது. இந்த முறை குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். பானையைக் கையில் எடுத்தார். அடியில் அந்த ஒரு பிடி கிடந்தது. லேசாகக் குலுக்கினார். சத்தம் வந்தது.

சேலைத் துண்டை எடுத்து வாயைக் கட்டப் போனவர், நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டார்.

"இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சுக்கிடட்டுமா, அக்கா?"

"வச்சுக்கிடுங்க அண்ணே," என்றார் எப்சிபா அக்கா. "ஞாயித்துக்கிழமை வரைக்கும்."